இழுத்து அளக்காதவர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். இரண்டு முறை நோட்டு வாங்கினேன். முதல் நோட்டில் பிள்ளையார் சுழி போட்டதோடு சரி. மீதிப் பக்கங்களில் என் சம்சாரம் கோலப் புள்ளி வைத்துப் பார்த்தாள். இரண்டாவது நோட்டில் நான்கு பக்கம் எழுதினேன். அன்று கிருத்திகை. கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் மனசு கேட்கவில்லை, கிழித்துப் போட்டுவிட்டேன். ஏன் என்பது படித்துக்கொண்டு போனால் தெரியும்.

இப்போது சம்சாரமும் போய்விட்டாள். எனக்கும் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், எழுதிப் பழக்கமில்லை. முருகன் விட்ட வழி என்று ஆரம்பிக்கிறேன். இது நான் வேலை பார்த்த இடத்தில் ஆராய்ச்சி செய்த ஓர் அம்மாவைப் பற்றியது. அந்த அம்மாவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் அதை விரும்பமாட்டார் என்று எழுத வந்தேன். ஆனால் அப்படி அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் எனக்கு மனமில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அடையாறு பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் அட்டெண்டர். மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒண்டுக் குடித்தனம். காலையில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, லஸ் முனையில் பஸ் பிடித்து, ராஜா அண்ணாமலைபுரம் தாண்டி, ஆற்றுப் பாலமும் தாண்டி இறங்குவேன். உள்ளே போனதும் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சமைக்க ஆரம்பிப்பேன். சமையல் ஈக்களுக்கு.

வீட்டில் பழத்தைச் சுற்றிச் சுற்றி வருமே, கடுகில் பாதிகூட இருக்காது, சிவந்த கண்ணோடு, அந்தப் பழ ஈ. ரவை, வெல்லம், கடற்பாசி, ஈஸ்ட் எல்லாவற்றையும் கூழாகக் காய்ச்சி, பால் புட்டிகளில் இரண்டு விரல் உயரம் ஊற்றி, ஆறியதும் வாயில் பஞ்சு அடைத்து வைக்க வேண்டும். பூஞ்சை பிடிக்காமலிருக்க ஓர் அமிலம் சில சொட்டு. அந்த நெடி சட்டையில் ஏறினால் எந்த சோப்புக்கும் போகாது. வாசலில் டீக்கடை போட்டிருந்தவர் தினமும் கேட்பார்.

"இன்னா நைனா, ஈங்களுக்கு சோறு ஆச்சா? நமக்கு ஒரு பொட்லம் கட்டேன்."

"உனக்கு றெக்கை மொளைக்கட்டும், கட்றேன்."

"ஊர்ல அவனவன் அரிசிக்கு க்யூவுல நின்னுகினு கீறான். ஈக்கு வெல்லப் பாயசம். இன்னா புண்ணியம் பண்ணிச்சுங்களோ."

புண்ணியமா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பாயசத்தைத் தின்று வளர்ந்ததுகளை ஈதர் காட்டி மயக்கித் தலை வேறு உடம்பு வேறாக நறுக்குவார்கள் என்பதை நான் அவரிடம் சொன்னதில்லை.

அந்த அம்மா பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தபோது முப்பதை ஒட்டிய வயசு இருக்கும். தி.நகரில் பனகல் பார்க் பக்கம் அவர் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அதனால் என்னையும் 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார். ஒல்லியான உடம்பு. கடையில் சாயம் சரியாக ஏறாமல் ஒதுக்கிய புடவைகளைத்தான் கட்டி வருவார். எங்கே சாயம் ஏறவில்லை என்று கேட்டால் காட்டவும் செய்வார்.

அவருக்கு ஒரு குணம். ஒன்றே ஒன்று. பார்த்ததற்கு மேல் ஓர் அங்குலம் சொல்லமாட்டார், மற்றவர்கள் சொன்னாலும் தாங்காது.

ஒருநாள் மழையில் நனைந்து தாமதமாக வந்து, "ஊரே முழுகிப்போச்சும்மா" என்றேன்.

"எதுவரைக்கும் தண்ணி அண்ணாச்சி? கணுக்காலா, முழங்காலா?"

"கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல."

"அப்ப அதைச் சொல்லுங்க. இழுத்து அளக்காதீங்க."

இது அவர் வீட்டுக் கடையிலிருந்து வந்த பேச்சு. துணியைக் கஜக்கோலில் வைத்து விறைப்பாக இழுத்து அளந்தால் ஒரு விரற்கடை கடைக்கு மிச்சம். வாங்கினவர் வீட்டில் போய்ப் பார்த்தால் ரவிக்கைக்குப் பத்தாது. அவர் அப்பா மேசைமேல் துணியைத் தளர்வாகப் போட்டு, அது கிடக்கிறபடியே அளப்பாராம். ஆறு வயசிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவர். "எங்கப்பா எனக்குச் சொல்லிக் குடுத்தது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நானாப் படிச்சது" என்பார்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். கூட இருந்தால் எப்போதும் சிரிப்பாக இருக்காது. என் சம்சாரத்துக்கு மூன்று முறை கரு தங்கவில்லை. மூன்றாம் முறை அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார், ஆரஞ்சுப் பழத்தோடு. வந்தவர்கள் எல்லோரும் அடுத்தது நிச்சயம் தங்கும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். இவள் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. எனக்குத் தங்குமா?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா" என்றார்.

அவ்வளவுதான். பொழுது சாயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்த ஒரு வார்த்தையை இவள் மன்னிக்கவே இல்லை. "ஒரு பேச்சுக்காவது தங்கும்னு சொல்லியிருக்கலாமில்ல? நாக்குல என்ன, கஜக்கோலா வச்சிருக்காங்க?" என்று அழுதாள். அழுது முடித்தபின் சொன்னதுதான் எனக்குள் போய்த் தைத்தது. "நீங்க நாள் முச்சூடும் உசுருங்கள நறுக்கற எடத்துல சோறு ஆக்கிப் போடறீங்க. பின்ன எப்படி நம்ம வீட்ல ஒண்ணு தங்கும்?"

 

அந்த அம்மா தேடிக்கொண்டிருந்த சரக்குக்குச் செரட்டோனின் என்று பெயர். மனுஷன் மூளையிலும் அது உண்டாம். "தூக்கம், பசி, சண்டை எல்லாத்துலயும் அதுக்குப் பங்கு இருக்குன்னு சொல்லுதாங்க. நான் பாக்கல" என்பார். ஈயின் மூளையைக் கடுங்குளிரில் உலர்த்தி, ஃபார்மலின் ஆவி பிடிக்க வைத்து, ஒருவகை நீல வெளிச்சத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்தச் சரக்கு இருக்கிற இடம் மட்டும் மஞ்சளாக எரியும். பகலிலேயே கறுப்புத் திரை போட்ட அறை. மஞ்சள் நிலைத்து நிற்காது. பார்க்கப் பார்க்க வெளுத்துப் போகும். அதற்குள் எண்ணிவிட வேண்டும். அவர் குழாயில் கண்ணை வைத்தபடி எண்ணிச் சொல்ல, நான் டார்ச் விளக்கில் காகிதம் சுற்றி அந்தச் சொட்டு வெளிச்சத்தில் எழுதிக்கொள்வேன்.

ஒருமுறை என்னையும் பார்க்கச் சொன்னார். குனிந்து பார்த்தவன் அசந்துவிட்டேன். "தெப்பத்தன்னிக்குக் குளத்தைச் சுத்தி வெளக்கு ஏத்தினாப்ல இருக்கும்மா. நூறு வெளக்கு."

"எண்ணினீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப நூறுங்காதீங்க. நெறையன்னு சொல்லிக்கங்க. நெறையங்கிறது பொய்யில்ல."

உடம்புக்கு வேறு முறை. தலையை நீக்கிய உடம்புகளைப் பனிக்கட்டி மேல் வைத்த கண்ணாடிக் குழவியில் அரைத்து, தெளிந்த சாற்றில் ஒரு சொட்டைக் காகிதத்தின் அடியில் வைத்து, திராவகம் ஊற்றிய கண்ணாடித் தொட்டியில் தொங்கவிடுவார். காகிதத்தில் ஈரம் ஏறும்போது சாற்றிலுள்ள ஒவ்வொரு சரக்கும் தன் தன் உயரத்தில் நின்றுவிடும். மருந்து தெளித்தால் புள்ளிகள் நிறம் காட்டும். பக்கத்திலேயே சுத்தமான செரட்டோனின் ஒரு சொட்டு. இரண்டு புள்ளியும் ஒரே உயரத்தில் நின்றால் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

புட்டிக்கு ஒரு வம்சமாக எங்களிடமிருந்த ஈ வரிசைகளில் பதினேழாம் நம்பர் புட்டியில் இருந்த வம்சம் வினோதமானது. அந்த ஈக்களின் மூளையில் மஞ்சள் விளக்கே இல்லை. வேறொரு சரக்குக்கு எரியும் பச்சை தெரியும், மஞ்சள் தெரியாது. ஆனால் உடம்பை அரைத்துக் காகிதத்தில் ஏற்றினால் புள்ளி வந்து நின்றது. அந்த அம்மா காகிதத்தை ஜன்னலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"மூளையில அடுப்பு எரியல. உடம்புல சோறு இருக்கு. எங்கேயிருந்து வந்துச்சு அண்ணாச்சி?"

"கொல்லையில இன்னொரு அடுப்பு இருக்குமோ என்னமோ."

திரும்பி என்னைப் பார்த்தார். "நானும் அதைத்தான் நெனைக்கேன். மூளை தனக்கு ஒரு விதமாச் செய்யுது, உடம்பு தனக்கு வேற விதமாச் செய்யுது. நெனைக்கேன். பாக்கல."

பதினோரு முறை திரும்பத் திரும்பச் செய்தார். பதினோரு முறையும் புள்ளி வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவர் அப்பா ஒருநாள் வந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு என் ஸ்டூலில் உட்கார்ந்தார். "இந்த ஈயில ஏதாவது தேறுமா அண்ணாச்சி? உள்ளதைச் சொல்லுங்க."

"அம்மா பெரிய விஷயம் கண்டுபிடிச்சிருக்காங்கய்யா."

"அவ சொன்னாளா?"

"இல்லைங்க."

"அப்ப நீங்க சொல்லாதீங்க." குடைப்பிடியால் புட்டிகளைக் காட்டினார். "வார ஆடி வரைக்கும் தவணை குடுத்திருக்கேன். அதுக்குள்ள பட்டத்துக்கு எழுதிக் குடுத்துட்டா அவ பாடு. இல்லன்னா கடைக்கு வந்துரணும். என்னால நிக்க முடியல, பையன் சின்னவன்."

அந்தப் பதினோரு புள்ளிதான் அவர் பட்டத்துக்கு எழுதவிருந்த விஷயம் முழுவதும்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும்.

சம்சாரம் அன்று சொன்னதிலிருந்து எனக்கு ஸ்டவ்வைப் பற்றவைக்கவே மனசில்லை. வேலையை விட முடியாது. மயிலாப்பூர் கோயிலில் முருகன் சந்நிதியில் நின்று அழுதேன். அன்று கிருத்திகை அபிஷேகம். கையில் பஞ்சாமிர்தம் கொடுத்தார்கள். அப்போது தோன்றியது: சாகிற உயிருக்குச் சாமி பிரசாதம் வாயில் பட்டால் எனக்குப் பாவம் குறையும், அதுகளுக்கும் நல்ல கதி. சின்னச் சம்புடத்தில் வாங்கி வைத்துக்கொண்டேன். நாளைக்கு எந்தப் புட்டி என்று அந்த அம்மா முந்தின நாள் மாலை சொல்லிவிட்டுப் போவார். அவர் போனபிறகு அந்தப் புட்டியின் பஞ்சை எடுத்து, ஒரு ஈர்க்கு நுனியில் பஞ்சாமிர்தம் தொட்டு, உள்பக்கக் கண்ணாடியில் தடவி, "முருகா" என்று சொல்லி மூடிவிடுவேன். காலையில் வந்து பார்த்தால் தடம்கூட இருக்காது. எல்லாம் வந்து தின்றிருக்கும்.

வந்த முதல் நாளே அந்த அம்மா சொல்லியிருந்தார், இந்த அறைக்குள் வாழைப்பழம் வரக்கூடாது என்று. வெளி ஈ வந்து கலந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். காரணம் சொல்லியிருப்பார், நான் காதில் வாங்கியிருக்கமாட்டேன். அந்தக் கட்டளையை மீறியதே இல்லை. மத்தியானச் சாப்பாட்டுப் பழத்தைக்கூட டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துதான் தின்பேன். பஞ்சாமிர்தத்தில் பாதிக்கு மேல் வாழைப்பழம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சாமி மேல் பட்டு வந்தபிறகு அதை யார் பழம் என்று நினைப்பார்கள்? அது பிரசாதம். என் புத்தி அப்படித்தான் பிரித்து வைத்திருந்தது.

அப்படிச் செய்ய ஆரம்பித்த மூன்றாம் மாதம் சம்சாரம் மறுபடி உண்டானாள். இந்த முறை தங்கியது. பெண் குழந்தை. இதற்கு மேல் நான் எப்படி நிறுத்துவேன்?

குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது அந்த அம்மா எழுதி முடித்தார். பட்டத்துக்குக் கொடுக்குமுன் என்னை உட்கார வைத்து, நான் செய்த வேலைகளைப் பற்றிய பகுதியைத் தமிழில் சொல்லிக் காட்டினார். வேறு யாரும் அட்டெண்டரை அப்படி உட்கார வைத்து நான் பார்த்ததில்லை. "நீங்க செஞ்சதை நான் எழுதுதேன். சரியான்னு நீங்கதான சொல்லணும்."

ரவை இவ்வளவு, வெல்லம் இவ்வளவு, கடற்பாசி இவ்வளவு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"இதைத் தவிர வேறெதுவும் ஈக்கு ஆகாரமாக் கொடுக்கப்படவில்லை. சரிதான அண்ணாச்சி?"

தலை ஆடவில்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவசரப்படுத்தவில்லை.  நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்தத் தாள் அப்படியே போயிருக்கும், யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயில் வரவில்லை.

"கொஞ்சம் பஞ்சாமிர்தம் வச்சேம்மா."

"எப்ப?"

"நறுக்கறதுக்கு முந்தின நாள் சாயங்காலம்."

"எத்தனை தடவை?"

"ஒவ்வொரு தடவையும்."

"பதினேழுக்குமா?"

"எல்லாத்துக்கும்மா. அதுங்க பாவம்னு..."  சம்சாரம் சொன்னது, சந்நிதியில் அழுதது, குழந்தை பிறந்தது எல்லாம் கொட்டிவிட்டேன். அவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டே வந்தார். ஈர்க்கு நுனி எவ்வளவு, எத்தனை மணிக்கு, எந்த எந்த மாதம்.   காது மட்டும் சிவந்திருந்தது.

"வாழைப்பழத்துலயே செரட்டோனின் இருக்கு அண்ணாச்சி. அதுக்குத்தான் வேண்டாம்னேன். இப்ப இந்த ஈ எல்லாம் வயிறு நெறையப் பழத்தோட செத்திருக்கு. நான் அளந்தது ஈயையா, உங்க முருகன் பிரசாதத்தையா?"

மறுநாள் என்னைக் கோயிலிலிருந்து கொஞ்சம் பஞ்சாமிர்தம் வாங்கிவரச் சொன்னார். கரைத்து வடிகட்டிக் காகிதத்தில் ஏற்றினார். மருந்து தெளித்ததும் புள்ளி வந்தது, சுத்தச் சரக்கின் புள்ளிக்கு நேர் பக்கத்தில், அதே உயரத்தில். அதையும் எழுதிக்கொண்டார். சம்புடத்தில் மிச்சமிருந்ததைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு வந்து, பதினோரு முறை செய்ததையும் ஒவ்வொன்றாகச் சிவப்பு மையால் அடித்தார்.

துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். கதவு திறந்திருந்தது, நான் வெளியே நின்றேன்.

"அட்டெண்டர் பஞ்சாமிர்தம் வச்சான்னு தீஸிஸ்ல எழுதுவியா? உலகம் சிரிக்கும். ஈர்க்குச்சி நுனியளவு. இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"எவ்வளவுன்னு எனக்குத் தெரியல சார். அதான் சங்கடம்."

"உனக்கே தெரியும் அது பழம் இல்ல, ஈதான் செய்யறதுன்னு."

"நெனைக்கேன் சார். தெரியாது."

வெளியே வந்தவரின் காலில் விழப் போனேன். நகர்ந்துகொண்டார். "முதல்ல இருந்து செய்வோம். பத்து தடவை சுத்தமா வந்தா எழுதுதேன். ஆடிக்கு இன்னும் நாள் இருக்கு."

எனக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. பிரசாதத்தை நிறுத்தினால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. புட்டியை வைத்துக்கொண்டு விழித்தபடி நின்றேன். அந்த அம்மா பார்த்துவிட்டார். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"விபூதி வச்சிருக்கீங்களா?"

"இருக்கும்மா."

"புட்டிக்கு வெளியில பூசிக்கங்க. கண்ணாடிக்கு வயிறு கெடையாது."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்: புட்டியின் வெளிப்பக்கம் விபூதி. குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியது.

சுத்தமான ஈக்களில் முதல் முறை புள்ளி வந்தது. முன்பைவிட மங்கல், ஆனால் வந்தது. இரண்டாம் முறையும் வந்தது. மூன்றாம் முறை வந்தபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். நோட்டில் மூன்று என்று மட்டும் எழுதினார்.

சித்திரை முடிந்து கத்திரி வெயில். பழ ஈ சூடு தாங்காது. குளிர்சாதன அறையில்தான் இருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை பகலில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. இரண்டு நாள் கரண்ட் இல்லை. ஈரச் சாக்குப் போட்டோம். தண்ணீர்த் தட்டுகளில் புட்டிகளை நிறுத்தினோம். நொச்சிக்குப்பத்தில் மீனுக்கு வந்த ஐஸில் ஒரு பாளம் கேட்டு வாங்கி, சைக்கிள் ரிக்ஷாவில் வைத்துக்கொண்டு வந்தேன். பாலம் ஏறுவதற்குள் பாதி கரைந்துவிட்டது. மற்ற வரிசைகளில் கொஞ்சம் பிழைத்தன. பதினேழாம் வம்சம் எப்போதுமே நோஞ்சான். ஞாயிறு மத்தியானம் புட்டியின் அடியில் எல்லாம் உதிர்ந்து கிடந்தது. வேறு யாரிடமும் பங்கு கொடுத்து வைக்கவில்லை. உலகத்தில் அந்த வம்சம் அவ்வளவுதான்.

அந்த அம்மா புட்டியைச் சாய்த்து, வெள்ளைக் காகிதத்தில் கொட்டி, எதுவாவது காலை அசைக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தூரிகையால் தள்ளிப் பார்த்தார். பிறகு நோட்டில் எழுதினார். எழுதிவிட்டு மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தேன்.

தலைவர் மறுபடி சொன்னார், மூன்றும் பதினொன்றும் பதினாலு, தாராளம் என்று. "முன்ன அளந்தது அளவே இல்ல சார். மிச்சம் மூணுதான். மூணை வச்சு நான் சொல்லமாட்டேன்" என்றார். தவணை நீட்டித் தரும்படி அப்பாவிடம் கேட்கவுமில்லை. மூளை விளக்குகளை எண்ணியதை மட்டும் ஒரு சின்னக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தார். அதற்குப் பட்டம் கிடைக்காது என்று அவருக்கே தெரியும். ஆடி முதல் வாரம் தன் குழவியைக் கழுவித் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஐந்தாறு வருடம் கழித்து, மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சீருடைத் துணி வாங்க அந்தக் கடைக்குப் போனேன். கூட்டம். அவர்தான் நின்று அளந்துகொண்டிருந்தார். கொஞ்சம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க அண்ணாச்சி. இவதானா?" என்று குழந்தையின் கன்னத்தைத் தொட்டார்.

 "என்னால உங்க வாழ்க்கையே போச்சும்மா."

"அப்படி நான் பாக்கல."

"நான் மட்டும் அதை வைக்காம இருந்திருந்தா..."

"இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. விடுங்க." துணியை மடித்துக்கொண்டே கேட்டார்: "இவளுக்கு நல்லாத் தூக்கம் வருதா? பசி எடுக்குதா?"

"வருதும்மா. எடுக்குதும்மா."

"அது போதும்." அடுத்த ஆள் பாவாடைத் துணி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். நான் அதன்பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை. போக முகமில்லை.

இவ்வளவு வருடம் எழுதாததற்குக் காரணம் இதுதான். பிரசாதத்தைக் குற்றம் சொன்னதாகிவிடுமோ, முருகன் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வானோ என்ற பயம். மகள் நன்றாக இருக்கிறாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அவள் அவன் கொடுத்தவள்தான் என்று இன்றும் நம்புகிறேன். அந்த அம்மாவிடம் கேட்டிருந்தால் தெரியலை என்றிருப்பார்.

போன வருடம் எங்கள் மாடிக்கு ஒரு கல்லூரி வாத்தியார் குடிவந்தார், உயிரியல் பாடம். பேச்சுவாக்கில் கேட்டேன், ஈ அந்தச் சரக்கை எங்கே செய்கிறது என்று. "அதெல்லாம் வெளிநாட்டுல கண்டுபிடிச்சாச்சே சார். மூளையில செய்யறதுக்கு ஒரு ஜீன், உடம்புல மத்த எடத்துல செய்யறதுக்கு வேற ஒரு ஜீன். ரெண்டு தனித்தனி வழி" என்றார். நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னாச்சு சார், தண்ணி வேணுமா என்றார். எனக்கு அவரிடம் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த நோட்டு.

படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமாவது சொல்வதானால் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். அந்த அம்மாதான் முதலில் கண்டுபிடித்தவர் என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் சொல்லாதீர்கள். என் மேல் இரக்கப்பட்டு நான் பஞ்சாமிர்தம் வைத்ததைச் சொல்லாமல் விட்டுவிடவும் வேண்டாம். அவர் மூன்று முறை பார்த்தார். நான்காம் முறை பார்க்க ஈ இல்லை. அதனால் அவர் சொல்லவில்லை.